அணுக்கருவின் அற்ப ஆயுள்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கடலை வலப்புறமாகக் கொண்டு வடக்கு நோக்கிச் செல்லும் வீதி, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் புல்மோட்டையை அடைகின்றது. அங்குள்ள கரை மணல் வெண்மணல் அன்று, கரிய மணல். கையில் அள்ளினால் அதன் பாரம் தெரியும். பத்துப் பங்கில் ஏழு பங்கு இல்மனைற்று என்னும் கனியம். எஞ்சியதில் உரூற்றைலும் சிர்க்கோனும் பெரும்பாலன. மிகச் சிறு பங்காக மொனசைற்றும் உண்டு. இம்மணலைப் பிரித்தெடுத்து விற்பதற்கென அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று 1957ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. இல்மனைற்றிலிருந்து வெண்ணிறப் பூச்சு மைக்கு வேண்டிய பொருள் கிடைக்கின்றது என்பதும், அது கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் செல்கின்றது என்பதும் அப்பகுதியார் நன்கறிந்த செய்திகள்.

அதே மணலில் இரும்பு உண்டு, தோரியமும் உண்டு என்பதை அனைவரும் நினைப்பதில்லை. இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள். மொனசைற்றில் தோரியம் அடங்கியுள்ளது. இவ்விரு மூலகங்களின் கருக்களைக் கொண்டு, இயற்பியலின் நுண்ணிய வினா ஒன்றை விளக்கலாம். சக்தியைப் பெற்றுக் கிளர்ந்த ஓர் அணுவோ அணுக்கருவோ அந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கும்? எந்தக் கடிகாரத்துக்கும் எட்டாத சிறு நேரமாயின் அதனை அளப்பது எவ்வாறு?

அடுப்பெரியும்போது கடலுப்பிற் சிறிது சுவாலையில் விழுந்தால் நெருப்பு மஞ்சளாக ஒளிர்வதை வீட்டுப் பெண்கள் அனைவரும் கண்டிருப்பர். உப்பிலுள்ள சோடிய அணு வெப்பத்தாற் சக்தி பெற்று உயர்ந்த நிலை ஒன்றை அடைகின்றது. அங்கு நிலைத்திருக்க அதற்கு இயலாது. பெற்றதை மஞ்சள் ஒளியாகக் கக்கிவிட்டுப் பழைய நிலைக்கு மீள்கின்றது. இந்த உயர்ந்த நிலையையே அருட்டிய நிலை என்பர். சோடிய அணு அந்நிலையில் இருப்பது சராசரியாக 16 நனோசெக்கன். நனோசெக்கன் என்பது ஒரு செக்கனை நூறு கோடியாக வகுத்தால் வரும் ஒரு கூறு.

இத்தகைய ஆயுளைக் கணிக்க உதவுவது, சக்தியையும் நேரத்தையும் இணைக்கும் நிச்சயமின்மைத் தத்துவம். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை. கோணேசுவரர் ஆலயத்திலோ, ஊரிலுள்ள வேறெந்தக் கோயிலிலோ மணியொலி கேட்ட எவருக்கும் இதன் பாதி விளங்கியதே. மணியை ஒருமுறை அடித்து விட்டுவிட்டால் ஓசை நெடுநேரம் கார்வையோடு நிற்கும். அதன் சுருதி இன்னதென்று இசையறிந்தவர் சொல்லிவிடுவர். அடித்த மறுகணமே மணியைக் கையாற் பற்றினால் எழுவது ஒரு மொட்டை ஒலி. அதன் சுருதி யாதென வித்துவானாலும் சொல்ல முடியாது. அவருடைய செவியிற் குறையில்லை. அவ்வளவு சிறு நேரமே வாழ்ந்த ஓசைக்குத் திட்டமான சுருதி என்பது இல்லவே இல்லை. தம்புராவுக்குச் சுருதி கூட்டுவோர், இரு தந்திகளிடையே நுண்ணிய வேறுபாடு இருந்தால் சற்று நேரம் காத்திருந்து கேட்பதும் இதனாலேயே. செக்கனுக்கு ஓர் அதிர்வு மட்டும் வேறுபடும் இரு தந்திகளை வேறுபடுத்தியறிய ஏறக்குறைய ஒரு செக்கனாவது வேண்டும்.

எஞ்சிய பாதிதான் புதிய இயற்பியல் தந்தது. ஒளியின் மீடிறனும் அது சுமக்கும் சக்தியும் ஒன்றுக்கொன்று நேர்விகிதமானவை என்று 1900ஆம் ஆண்டுக்குப் பின் பிளாங்கு, ஐன்சுரைன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. ஆகவே சுருதி மழுங்கினால் சக்தியும் மழுங்குகின்றது. குறுகிய ஆயுளுடைய நிலை ஒன்றின் சக்தி ஒரே எண்ணாக அமையாமல், ஒரு சிறு பட்டையாக அகன்று நிற்கும். ஐசன்பேக்கு தமது நிச்சயமின்மைத் தத்துவத்தை 1927இல் வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின் வைசுகொப்பு, விக்னர் என்னும் இருவர், ஒளி உமிழும் அணுவின் நிறமாலைக் கோடு எவ்வளவு அகலமாக இருக்கும் என்பதைக் கணித்துக் காட்டினர். அவர்கள் கண்டது எளிய உறவு: கோட்டின் அகலத்தைச் சராசரி ஆயுளாற் பெருக்கினால் எப்போதும் ஒரே மாறிலி வரும்.

அம்மாறிலியை வானொலியிற் சொல்வதற்கு இசைவான ஒரு வடிவம் உண்டு. ஓர் இலத்திரன் ஒரு வோற்று அழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் சக்தி ஓர் இலத்திரன்வோற்று. கண்ணுக்குப் புலனாகும் ஒளித்துணிக்கை ஒன்றின் சக்தி அவ்வாறான இரண்டு அல்லது மூன்று அலகுகளே. கோட்டின் அகலத்தை இலத்திரன்வோற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கால் அளக்க. ஆயுளை நனோசெக்கனால் அளக்க. இரண்டையும் பெருக்கினால் 0.66, அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு. ஒன்று தெரிந்தால் மற்றதை மனக்கணக்காகவே பெற்றுவிடலாம்.

இங்கே ஒரு சிறு விலகல் பொறுத்தற்குரியது. மாணவர் பலர் இவ்விடத்திற் குழம்புவர். சில நூல்களில் மாறிலியின் பாதி காணப்படும். சிலவற்றில் முழுதும் காணப்படும். சிலவற்றிற் சமக்குறி, சிலவற்றிற் சமனிலிக் குறி. பாதியும் சமனிலியும் வருவது பொதுவான தத்துவத்தில். அங்கு பேசப்படுவது புள்ளிவிபர முறையில் அமைந்த விலகல். சிதைந்து தேயும் நிலைக்கு அகலம் என்பது, கோட்டின் உயரம் பாதியாகும் இடத்தில் அதன் முழுக் குறுக்களவு. அதற்கு முழு மாறிலியும் சமக்குறியுமே பொருந்தும். இன்னொன்று: இடமும் உந்தமும் போன்று நேரமும் சக்தியும் இணையான அளவைகள் என்று எழுதிவிடுவது வழக்கம். அது சரியன்று. நேரம் துணிக்கையின் பண்பு அன்று. அது கடிகாரம் காட்டுவது. இவ்வுறவின் பொருளை மண்டெல்சுராம், தாம் என்னும் உருசிய அறிஞர் இருவர் 1945இல் தெளிவாக்கினர். ஒரு முறைமை குறிப்பிடத்தக்க மாற்றம் அடைவதற்கு வேண்டிய நேரமே இங்கு கருதப்படுவது. அருட்டிய நிலைக்கு அந்நேரம் அதன் ஆயுளே.

இனிப் புல்மோட்டையின் இரும்பு. எந்த நாட்டு இரும்பாயினும் நூற்றுக்கு இரண்டு பங்கு அணுக்கள் இரும்பு 57 என்னும் வகையின. இக்கருவுக்கு 14,400 இலத்திரன்வோற்று உயரத்தில் ஓர் அருட்டிய நிலை உண்டு. கோபாற்று 57 சிதையும்போது இந்நிலை பிறக்கின்றது. பிறக்குமுன் 122 ஆயிரம் இலத்திரன்வோற்றுச் சக்தியுள்ள ஒரு காமாக்கதிர் வெளிவந்து பிறப்பை அறிவிக்கின்றது. 14,400 அளவினதான மற்றொரு கதிர் இறப்பை அறிவிக்கின்றது. இரண்டுக்குமிடையிலுள்ள நேரத்தை இலத்திரனியற் கருவிகளால் அளக்கலாம். அரை ஆயுள் 98 நனோசெக்கன். சராசரி ஆயுள் அதன் 1.44 மடங்காகிய 141 நனோசெக்கன். மூன்றில் இரண்டை 141ஆல் வகுத்தால், கோட்டின் அகலம் இலத்திரன்வோற்றின் நூறு கோடியில் ஐந்து பங்குக்கும் சற்றுக் குறைவு. கதிரின் சக்தியோடு ஒப்பிட்டால் அது மூன்று இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு நுண்ணிய அகலத்தைக் கண்ணாற் கண்டு அளப்பது இயலாத காரியம் என்றே 1958ஆம் ஆண்டு வரை எண்ணப்பட்டது. இடையூறு யாதெனில் பின்னுதைப்பு. சிறு வள்ளத்திலிருந்து ஒருவர் இறங்குதுறைக்குப் பாய்ந்தால் வள்ளம் பின்னோக்கிச் செல்லும். பாய்ந்தவரின் வேகத்தில் ஒரு பகுதி வள்ளத்தோடு போய்விடும். காமாக்கதிரை உமிழும் தனி இரும்புக் கருவும் அவ்வாறே பின்னுதைக்கப்படுகின்றது. அதனால் இழக்கப்படும் சக்தி, கோட்டின் அகலத்தைப் போல் நான்கு இலட்சம் மடங்கு. ஆகவே ஒரு கரு உமிழ்ந்ததை அதே வகையான மற்றொரு கரு ஏற்பதில்லை. செருமனிய இளைஞர் உருடொல்பு மொசுபவர், கரு ஒரு திண்மப் பளிங்கினுள் இறுகப் பிணைந்திருக்கும்போது பின்னுதைப்பு முழுப் பளிங்கின்மீதும் விழுவதைக் கண்டார். துறைமுகத்திற் கட்டி நிற்கும் பெருங்கப்பலிலிருந்து ஒருவர் குதித்தாற் கப்பல் அசைவதில்லை அன்றோ? முதலில் அவர் கையாண்டது இரிடியம். பின்னர் இரும்பு 57 அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1961இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது வயது 32.

அளக்கும் முறை மிக அழகானது. கதிரை உமிழும் பொருளை ஏற்கும் பொருளை நோக்கி மெல்ல நகர்த்துவர். நகர்வினாற் கதிரின் சக்தி சிறிது கூடும் அல்லது குறையும். கோட்டின் ஓர் அகலத்துக்குச் சமமான மாற்றம் பெற வேண்டிய வேகம் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. ஆறு சதமமீற்றர் நீளமான நிமிட முள்ளுடைய மேசைக் கடிகாரத்தில் அம்முள்ளின் நுனி நகரும் வேகம் ஏறத்தாழ அதுவே. அந்த மந்த நகர்விலே கதிர் ஏற்கப்படுவது குறைந்துவிடும். உமிழும் கோடும் ஏற்கும் கோடும் ஒன்றன்மீதொன்று படிவதாற் காணப்படும் அகலம் இருமடங்காகும். அதைப் பாதியாக்கினால், கடிகாரம் முன்னர் அளந்த 141 நனோசெக்கனே மீண்டும் கிடைக்கின்றது. ஒருவன் வயதை அவன் சாதகத்திலும் காணலாம், முகத்திலும் காணலாம். இரண்டும் ஒத்துப்போவது உலகில் எப்போதும் நிகழ்வதன்று, இங்கே நிகழ்ந்தது.

ஆர்வாட்டுப் பல்கலைக்கழகத்தில் பவுண்டு, இரெப்கா ஆகிய இருவரும் இக்கோட்டைக் கொண்டு 1960இல், 22.5 மீற்றர் உயரமுள்ள கோபுரத்தின் அடிக்கும் முடிக்குமிடையே புவியீர்ப்பு கதிரின் சக்தியை மாற்றுவதைக் கண்டனர். 2004இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய இரு ஊர்திகளும் இம்முறைக் கருவியைச் சுமந்து சென்று அங்குள்ள பாறைகளின் இரும்பை ஆராய்ந்தன. இல்மனைற்றில் இரும்பு எந்நிலையில் உள்ளது, காற்றும் நீரும் அதனை எவ்வளவு ஒட்சியேற்றியுள்ளன என்று அறிவதற்கும் இதுவே சிறந்த வழி. இல்மனைற்றின் பண்பு இதனைப் பொறுத்து மாறுவதால், இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

ஆயின் அகலத்தைக் கண்ட இடமெல்லாம் ஆயுளைக் கணித்துவிடலாம் என்று துணிவது பெரும் பிழையாகும். மொனசைற்றின் தோரியம் இதற்குத் தக்க சான்று. தோரியம் 232இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. அது படிப்படியாகப் பத்துச் சிதைவுகளைக் கடந்து ஈயம் 208 ஆகின்றது. இப்பரம்பரையில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. சபரகமுவைப் பகுதியில் 1904இல் வெளிப்பட்ட தோரியனைற்று என்னும் கனியம் உலகின் கவனத்தை ஈர்த்தது. அக்காலத்தில் இந்நாட்டுக் கனியவள ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தவர், பின்னர் கலை வரலாற்றிற் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. இலண்டனில் உராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்த ஒற்றோ ஆன், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பை ஆராய்ந்து, 1905இல் உரேடியோதோரியம் என்பதைக் கண்டுபிடித்தார். அதுவும் மேற்சொன்ன பரம்பரையின் ஒரு பிறப்பே.

பரம்பரையின் கடைசிப் படிகளுள் ஒன்றில், ஈயம் 208 கரு 26 இலட்சம் இலத்திரன்வோற்று உயரத்தில் அருட்டிய நிலையிற் பிறந்து, வன்மையான காமாக்கதிர் ஒன்றை உமிழ்கின்றது. மொனசைற்று மணலருகே நல்லதொரு சேர்மானியக் கருவியை வைத்தால் இக்கதிர் தெளிவான கோடாகத் தெரியும். வரைபடத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 2,000 இலத்திரன்வோற்று. சூத்திரம் கையிலிருக்கின்றது என்று ஒருவர் உடனே கணக்கிட்டால், ஆயுள் ஒரு நனோசெக்கனின் முந்நூறு கோடியில் ஒரு பங்கு என விடை வரும். உண்மையான சராசரி ஆயுளோ நனோசெக்கனின் நாற்பதில் ஒரு பங்குக்குச் சமீபம். விடை ஏழு கோடி மடங்கு பிழைத்தது. காரணம் எளிது: அந்த அகலம் கருவுடையது அன்று, கருவியுடையது. கரு தரும் அகலம் இலத்திரன்வோற்றின் பத்து இலட்சத்தில் 27 பங்கு மாத்திரமே. கருவியின் மழுக்கத்தில் அது மூழ்கிவிட்டது.

அடுப்புச் சுவாலையின் சோடியமும் இவ்வாறே ஏமாற்றும். சூடான அணுக்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுவதால் ஒளியின் மீடிறன் கூடியும் குறைந்தும் சிதறுகின்றது. கோடு தன் இயற்கை அகலத்தைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு பருத்துவிடுகின்றது. எனவே காணப்படும் அகலத்திலிருந்து பெறும் ஆயுள் ஒரு கீழெல்லையே. உண்மை ஆயுள் அதற்குக் குறையாது. எவ்வளவு கூடும் என்பதை அகலம் தானாகச் சொல்லாது. பருமனை உண்டாக்கும் ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரே சூத்திரத்தைத் தொடவேண்டும். நீக்க வேண்டாத இடங்களும் உள. உரோ மேசன் என்னும் துணிக்கையின் அகலம் 15 கோடி இலத்திரன்வோற்று. அவ்வளவு பெரிய அகலத்தை மறைக்கக்கூடிய கருவி மழுக்கம் எதுவுமில்லை. ஒளி ஒரு கருவைக் கடக்கும் நேரத்துள் மடியும் அத்தகையவற்றுக்கு அகலமே ஒரே சாட்சி.

மறு முனையில் நிற்பது தோரியம் 229. இது புல்மோட்டை மணலில் எடுக்கக்கூடிய பொருள் அன்று. மணலிலுள்ள தோரியம் 232ஐ அணு உலையில் வைத்து நியூத்திரனை ஏற்கச் செய்தால் அது யுரேனியம் 233 ஆகும். அந்த யுரேனியம் சிதையும்போது தோரியம் 229 கிடைக்கும். இக்கருவுக்கு வியப்பான ஓர் அருட்டிய நிலை உண்டு. ஏனைய கருக்களின் நிலைகள் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் இலத்திரன்வோற்று உயரத்தில் இருக்க, இதன் உயரம் எட்டரைக்கும் குறைவு. அதாவது ஊதாக்கடந்த ஒளியாற் கருவையே தூண்டலாம்.

துறைமுகத்தோடு இதற்கு நெருங்கிய தொடர்புண்டு. பிரித்தானியக் கடற்படை 1957 வரை திருகோணமலையிற் தங்கியிருந்த நூற்றாண்டுகளில், கப்பலின் நெடுங்கோட்டைச் சொன்னது அதன் கடிகாரம். நான்கு செக்கன் பிழைத்தால் இவ்வகலக்கோட்டில் ஏறக்குறைய ஒரு கடல் மைல் பிழைக்கும். இன்று செய்மதிகளைக் கொண்டு கப்பல் தன் இடத்தை அறிகின்றது. அங்கே ஒரு நனோசெக்கன் பிழை 30 சதமமீற்றர். 1967ஆம் ஆண்டிலிருந்து செக்கன் என்பதே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என வரையறுக்கப்பட்டுள்ளது. கடிகாரத்தின் நேர்மை அதன் கோட்டின் ஒடுக்கத்தைப் பொறுத்தது. ஒடுக்கமோ நிலையின் ஆயுளைப் பொறுத்தது. தோரியம் 229இன் அந்நிலை, தனித்த அயனாக வெற்றிடத்தில் இருப்பின், ஏறத்தாழ அரை மணி நேர அரை ஆயுள் உடையது. அது செக்கனுக்கு 20 கோடி கோடி தடவை அதிரும் ஒரு மணி. அடித்தால் அரை மணி நேரம் ஒலிக்கும் மணி.

மணியைக் கையாற் பற்றும் கதையும் இங்குண்டு. தோரியம் நடுநிலை அணுவாக இருந்தால் கரு தன் சக்தியைத் தன் அணுவிலுள்ள இலத்திரன் ஒன்றுக்கே கொடுத்து அதனை வெளியே தள்ளிவிடும். அப்போது அரை ஆயுள் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு என்று செருமனியில் 2017இல் அளந்தனர். கரு அதுவே, ஆயுள் இருபத்தைந்து கோடி மடங்கு குறுகியது, கோடு அத்தனை மடங்கு பருத்தது.

இந்நிலை உண்டென்று 1976இலேயே ஊகித்தனர். ஆயின் அதன் சக்தி இன்னதென்று அறிய நெடுங்காலம் சென்றது. மூன்றரை இலத்திரன்வோற்று என்று 1994இல் மதிப்பிட்டனர். அதை நம்பித் தவறான நிற ஒளியில் தேடினர். 1997இல் ஒளியைக் கண்டதாக அறிவிப்பும் வந்தது; அது அல்பாக் கதிர்கள் காற்றிலுள்ள நைதரசனைத் தூண்டியதால் எழுந்த ஒளி என்பது பின்னர் தெரிந்தது. 2007இல் மதிப்பு ஏழரைக்கு மேல் உயர்ந்தது. நீண்ட ஆயுள் கடிகாரத்துக்கு வரம். தேடுவோர்க்கோ அதுவே இடர். கோடு அத்துணை ஒடுங்கியதால், இலத்திரன்வோற்றின் இருபதில் ஒரு பங்கு ஐயம் மட்டும் எஞ்சியிருந்தாலும், அந்த இடைவெளியில் 500 கோடி கோடி கோட்டகலங்கள் அடுக்கி வைக்கலாம்.

ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான சேர்ணில் 2023இல் இக்கரு உமிழ்ந்த ஒளியை முதன்முறையாகக் கண்டு, சக்தியை 8.34 எனக் குறுக்கினர். மறு ஆண்டு, வியன்னாவில் வளர்த்த கல்சியம் புளோரைட்டுப் பளிங்கினுள் தோரியம் 229ஐப் பதித்து, செருமனியில் லேசர் ஒளியைச் செலுத்தினர். அந்த லேசரின் அகலம் கோட்டின் அகலத்தினும் பல இலட்சம் கோடி மடங்கு பெரிது. வலைக்கண் பெரிதாயினும் வலை அகன்றது என்பதே அங்கு உதவிற்று. லேசரை நிறுத்திய பின்னும் பளிங்கு மெல்ல ஒளிர்ந்து மங்கியது. அம்மங்கலை அளந்தபோது சராசரி ஆயுள் 630 செக்கன். வெற்றிடத்திலும் பார்க்க இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பளிங்கின் முறிவுச் சுட்டி உமிழ்வை விரைவுபடுத்துகின்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோவில் மீடிறனைச் செக்கனுக்கு 2,020,407,384,335 ஆயிரம் அதிர்வுகள் என, இரண்டாயிரம் அதிர்வு ஐயத்துடன் அளந்தனர்.

630 செக்கனுக்குரிய இயற்கை அகலம், ஓர் இலத்திரன்வோற்றைக் கோடி கோடியால் வகுத்து, மறுபடியும் பதினாயிரத்தால் வகுத்த அளவு. மீடிறனாகச் சொன்னால் செக்கனுக்கு ஓர் அதிர்வின் நாலாயிரத்தில் ஒரு பங்கு. 2024ஆம் ஆண்டின் அளவைகளில் எதிலும் அவ்வகலம் வெளிப்படவில்லை. லேசரின் அகலமும் பளிங்கின் குறைகளும் அதனை மூடியிருந்தன. ஈயத்தில் அகலத்தை நம்பி ஆயுளைப் பிழைத்தவர்க்கு இங்கு வழி நேர்மாறானது: ஆயுளை அளந்தவர்கள் கையிற் கொண்டது சாதாரணக் கடிகாரமே, அகலத்தைத் தந்தது கணக்கு மாத்திரமே.